கொடியில் சிலுவை: அளவு பிசகாமல் வரையவும் பொருள் பிசகாமல் எழுதவும்

பள்ளிக் கண்காட்சிக்கோ வினாடி வினா அட்டைக்கோ உலகக் கொடிகளை வரைபவர்கள் அதிகம் தடுமாறுவது சிலுவைக் கொடிகளில்தான். மூவண்ணக் கொடி என்றால் மூன்று பட்டைகளைச் சமமாகப் பிரித்துவிட்டுப் போகலாம். சிலுவை அப்படி விடாது. கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் அது வேறு நாட்டுக் கொடியாகும், அல்லது எந்த நாட்டுக்கும் சேராத கொடியாகும். படத்துக்குக் கீழே எழுதும் விளக்கத்திலும் இதே தடுமாற்றம். சிலுவை கண்ணில் பட்டதும் 'கிறிஸ்தவ நாடு' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது பாதி இடங்களில் அரைகுறை உண்மை, சில இடங்களில் முழுத் தவறு.

தேவையானவை கட்டத் தாள், அடிக்கோல், கூர்மையான பென்சில், வண்ணங்கள். கணினியில் வரைந்தால் கட்டக் கோடுகளைத் தெரிய வைத்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டரை மறந்துவிட்டு 'அலகு' கணக்கில் வேலை செய்யுங்கள். ஒரு அலகு ஒரு கட்டம். கொடிச் சட்டங்களும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

கம்பம் எந்தப் பக்கம்?

தாளில் முதலில் குறிக்க வேண்டியது கம்பப் பக்கம். படங்களில் கம்பம் இடப்புறம் இருப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம். வலப்புறம் காற்றில் அலையும் பக்கம். சிலுவை எங்கே நிற்கும், அகலமான வெள்ளை எங்கே வரும், சின்னம் எந்த மூலையில் ஏறும் என்பதெல்லாம் கம்பத்திலிருந்து கணக்கிடப்படுபவை. இதைக் குறிக்காமல் தொடங்கினால் கடைசியில் கண்ணாடியில் தெரியும் கொடிதான் கிடைக்கும்.

வட ஐரோப்பியச் சிலுவை

டென்மார்க், சுவீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கொடியிலும் டென்மார்க்கின் கீழுள்ள பரோ தீவுகளின் கொடியிலும் ஒரே அமைப்புதான். கிடைப்பட்டை உயரத்தின் நடுவில் ஓடும், நெடும்பட்டை கம்பத்தை நோக்கித் தள்ளி நிற்கும். எல்லாவற்றுக்கும் மூலம் டேனபிரோ எனப்படும் டென்மார்க் கொடி. 1219 ஜூன் 15 அன்று இன்றைய எஸ்டோனியாவில் இரண்டாம் வால்டமார் மன்னர் போரிட்டபோது அது வானத்திலிருந்து விழுந்தது என்பது ஐதீகம். விளக்கத்தில் ஐதீகம் என்றே எழுதுங்கள், வரலாறு என்று எழுதாதீர்கள்.

அளவுகள் இவை. முதலில் உயரத்தை மேலிருந்து கீழாகவும், பிறகு நீளத்தைக் கம்பத்திலிருந்து வெளியாகவும் தருகிறோம்.

டென்மார்க்: உயரம் 12, 4, 12, நீளம் 12, 4, 18. மொத்தம் 28க்கு 34.
சுவீடன்: உயரம் 4, 2, 4, நீளம் 5, 2, 9. மொத்தம் 10க்கு 16.
பின்லாந்து: உயரம் 4, 3, 4, நீளம் 5, 3, 10. மொத்தம் 11க்கு 18.
நார்வே, பரோ தீவுகள்: உயரம் 6, 1, 2, 1, 6, நீளம் 6, 1, 2, 1, 12. மொத்தம் 16க்கு 22.
ஐஸ்லாந்து: உயரம் 7, 1, 2, 1, 7, நீளம் 7, 1, 2, 1, 14. மொத்தம் 18க்கு 25.

வரைந்து முடித்ததும் கம்பத்தை ஒட்டிய இரண்டு பெட்டிகளைப் பாருங்கள். டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, பரோ தீவுகள் என்றால் அவை அச்சுச் சதுரமாக இருக்க வேண்டும். சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் 5 அகலம், 4 உயரம் கொண்ட நீள்சதுரம். இந்த ஒரு சோதனை பெரும்பாலான பிழைகளைக் காட்டிக்கொடுத்துவிடும். வெளிப்பக்கப் பெட்டியின் நீளம் நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் பின்லாந்திலும் கம்பப் பக்கத்ததைப் போல இரு மடங்கு, டென்மார்க்கில் ஒன்றரை மடங்கு. சுவீடனில் 5க்கு 9. அங்கே இரு மடங்கு என்று நினைத்து 10 போட்டுவிடுவது அடிக்கடி நடப்பது.

வண்ணத்தில் குழம்புவது நார்வே, ஐஸ்லாந்து, பரோ தீவுகள் மூன்றிலும். நார்வே சிவப்புத் தளம், வெள்ளை விளிம்பு, நீலச் சிலுவை. டேனியக் கொடியின் வெள்ளைச் சிலுவைக்குள் ஒரு நீலச் சிலுவையை வைத்தால் நார்வே. பிரெடிரிக் மெல்ட்சர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1821இல் அப்படித்தான் அமைத்தார். ஐஸ்லாந்து அதன் தலைகீழ்: நீலத் தளம், வெள்ளை விளிம்பு, சிவப்புச் சிலுவை. பரோவில் வெள்ளைத் தளம், நீல விளிம்பு, சிவப்புச் சிலுவை. வண்ணம் தீட்டும்போது தளத்தை முதலில் நிரப்பி, அடுத்து விளிம்புப் பட்டையை 4 அலகு அகலத்தில் முழுதாக இழுத்து, அதன் மேல் 2 அலகுச் சிலுவையை ஏற்றுங்கள். 1, 2, 1 எனத் தனித்தனிக் கோடாகப் போட்டால் சந்திக்கும் நடுவிடத்தில் விளிம்பு குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்கும்.

நெடுக்காகத் தொங்கவிடும்போது கம்பப் பக்கம் மேலே வர வேண்டும். கீழே வந்தால் சிலுவை தலைகீழாகத் தெரியும். மேடைப் பின்னணியில் இதைக் கவனிக்க ஆளே இருப்பதில்லை. டென்மார்க் கொடியில் வெளிப்பக்கம் இரட்டை வாலாகப் பிளந்திருந்தால் அது அரசும் சிறப்பு அனுமதி பெற்றவர்களும் பயன்படுத்துவது. பொதுமக்களின் கொடி நேர் விளிம்பு கொண்டது, கண்காட்சிக்கு அதுவே சரி.

துணியில் தைப்பதானால்

டேனியக் கொடியை எடுத்துக்கொள்வோம். ஒரு அலகு 3 செ.மீ. என்றால் முடிந்த கொடி 84 செ.மீ. உயரம், 102 செ.மீ. நீளம். வெட்டும்போது உள்தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் 1 செ.மீ., வெளிவிளிம்பின் இரட்டை மடிப்புக்கு 2 செ.மீ. சேருங்கள். ஆக வெட்ட வேண்டியவை: சிவப்புச் சதுரம் 39க்கு 39 இரண்டு, சிவப்பு நீள்சதுரம் 57 நீளம், 39 உயரம், இரண்டு, வெள்ளைக் குறுந்துண்டு 14 அகலம், 39 உயரம், இரண்டு, வெள்ளை நெடுந்துண்டு 14 அகலம், 106 நீளம், ஒன்று.

சதுரம், குறுந்துண்டு, நீள்சதுரம் என்று மேல் வரிசையை முதலில் சேருங்கள். கீழ் வரிசையும் அப்படியே. இரண்டும் 106 செ.மீ. வர வேண்டும், வராவிட்டால் இந்த இடத்திலேயே பிரித்துத் திருத்துங்கள். பிறகு நெடுந்துண்டை நடுவில் வைத்து இரு வரிசைகளையும் இணையுங்கள். குறுந்துண்டுகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரக் குண்டூசி குத்திக்கொண்டு தைக்க வேண்டும். இங்கே 2 மில்லிமீட்டர் விலகினாலும் சிலுவை முறிந்ததுபோல் தெரியும்.

கயிறு கோக்கும் உறையைக் கொடித் துணியையே மடித்துத் தைப்பவர்கள் உண்டு. அதில் கம்பப் பக்கச் சதுரத்திலிருந்து 3 செ.மீ. போய்விடும், 12 அலகு 11 ஆகிவிடும். தடித்த வெள்ளை நாடாவைத் தனியாகச் சேர்த்துவிடுங்கள். சிவப்புத் துணியை முன்கூட்டியே நனைத்துச் சாயம் கசிகிறதா என்று பார்ப்பதும் அவசியம். கசிந்தால் முதல் மழையிலேயே வெள்ளைத் துணி ரோசா நிறமாகிவிடும்.

யூனியன் ஜாக்: மூன்று சிலுவை ஒரு கொடியில்

பிரிட்டன் கொடியில் இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் சிலுவை (வெள்ளையில் நேர் சிவப்பு), ஸ்காட்லாந்தின் புனித அந்திரேயா சிலுவை (நீலத்தில் பெருக்கல் குறிபோன்ற வெள்ளை), அயர்லாந்துக்காகப் புனித பேட்ரிக் சிலுவை (வெள்ளையில் பெருக்கல் குறிபோன்ற சிவப்பு) ஆகிய மூன்றும் அடுக்கப்பட்டுள்ளன. முதலிரண்டும் சேர்ந்தது 1606இல், மூன்றாவது ஏறியது 1801இல். வேல்சுக்கு இதில் தனிச் சிலுவை இல்லை.

60க்கு 30 அலகுக் கட்டம் போடுங்கள். முழுவதும் நீலம். மூலைவிட்டங்கள் இரண்டையும் மெல்லிய பென்சில் கோடாக இழுங்கள். ஒவ்வொரு மூலைவிட்டத்துக்கும் இருபுறமும் 3 அலகு விட்டு, 6 அலகு அகலத்தில் வெள்ளைப் பட்டை. அகலத்தை மூலைவிட்டத்துக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். கட்டத்தின் கிடைக்கோட்டில் அளந்தால் பட்டை மெலிந்துபோகும்.

அடுத்தது எல்லோரும் தவறு செய்யும் இடம். சிவப்புப் பட்டை வெள்ளையின் நடுவில் ஓடாது. அதன் ஒரு விளிம்பு மூலைவிட்டத்தைத் தொட்டு நிற்கும், அகலம் 2 அலகு, அதற்கு அப்பால் 1 அலகு வெள்ளை. மூலைவிட்டத்தின் மறுபுறம் 3 அலகு வெள்ளை முழுதாக இருக்கும். கம்பப் பக்கப் பாதியில் சிவப்பு மூலைவிட்டத்துக்குக் கீழே, வெளிப்பக்கப் பாதியில் மேலே. நான்கு கைகளிலும் இப்படிச் செய்தால் சிவப்பு காற்றாடிபோல் சுற்றி நிற்கும். ஸ்காட்லாந்துதான் முன்னால் சேர்ந்த நாடு, ஆகவே கம்பத்தை ஒட்டிய உயர்ந்த இடம் அதன் வெள்ளைக்கு. அயர்லாந்தின் சிவப்பை நடுவில் போட்டிருந்தால் ஸ்காட்லாந்தின் சிலுவை வெறும் விளிம்பாகச் சுருங்கியிருக்கும்.

கடைசியாக நடுவில் 10 அலகு அகல வெள்ளைக் குறுக்கு நெடுக்குப் பட்டை, அதன் மேல் 6 அலகு சிவப்பு. கொடியைக் கட்டும்போது கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் அகலமான வெள்ளை மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தலைகீழாகக் கட்டியிருக்கிறீர்கள். அது ஆபத்துச் சமிக்ஞை அல்லது அவமதிப்பு என்று கொள்ளப்படும்.

ஸ்காட்லாந்தின் கொடியைத் தனியாக வரையும்போது நீலத்தில் குழப்பம் வரும். யூனியன் ஜாக்கின் ஆழ்நீலம் அதற்கு வேண்டாம். ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் குழு 2003இல் பரிந்துரைத்தது பேன்டோன் (அச்சுத் துறையின் வண்ண எண் முறை) 300, சற்று வெளிர்ந்த நீலம். இரண்டு வண்ணங்களையும் மாற்றி, வெள்ளைத் தளத்தில் நீலப் பெருக்கல் குறி போட்டுவிட்டால் அது ரஷ்யக் கடற்படைக் கொடி. அதுவும் அந்திரேயா சிலுவையேதான்.

சுவிஸ், கிரேக்கம், ஜார்ஜியா

சுவிஸ் கொடி சதுரம். 32க்கு 32 கட்டம் போட்டு, ஓரங்களில் 6 விட்டு, நடுவில் 7, 6, 7 எனச் சிலுவை. கை 6 அகலம், 7 நீளம், அதாவது அகலத்தைவிட நீளம் ஆறில் ஒரு பங்கு கூடுதல். இந்த விகிதம் 1889இல் கூட்டாட்சி நாடாளுமன்றம் முடிவு செய்தது. ஐந்து சம சதுரங்களை ஒட்டிச் சிலுவை செய்வது பழக்கத்தில் வரும் தவறு. மற்றொன்று, எல்லாக் கொடிகளையும் ஒரே அளவுப் பெட்டியில் அடைக்கும் மென்பொருள் இதை நீட்டிவிடுவது. விகிதப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் அளவை மாற்ற வேண்டும்.

கிரேக்கம் 18 உயரம், 27 நீளம். 2 அலகுப் பட்டைகள் ஒன்பது. நீலத்தில் தொடங்கி நீலத்தில் முடியும், ஆக நீலம் 5, வெள்ளை 4. கம்பப் பக்க மேல் மூலையில் 10க்கு 10 நீலச் சதுரம், அதில் 4, 2, 4 என வெள்ளைச் சிலுவை. சிலுவையின் அகலம் பட்டையின் அகலமேதான். சதுரம் ஐந்தாவது பட்டையின் அடியில் முடிய வேண்டும்.

ஜார்ஜியா 2க்கு 3. வெள்ளைத் தளத்தில் நடுச் சிவப்புச் சிலுவை, அகலம் உயரத்தில் ஐந்தில் ஒன்று. நான்கு பெட்டிகளின் மையத்திலும் ஒவ்வொரு சிறு சிலுவை. அவற்றை வெறும் கூட்டல் குறியாகப் போடக் கூடாது, கைகள் முனையில் விரியும் பொல்னிசி வகை அவை. 2004 ஜனவரியில் இந்தக் கொடி அதிகாரபூர்வமானது.

சின்னத்துக்குள் ஒளிந்திருப்பவை

சில நாடுகளில் சிலுவையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்க்காமல் வரையாதீர்கள்.

சுலோவாக்கியாவின் வெள்ளை, நீலம், சிவப்புப் பட்டைகள் அப்படியே ரஷ்யாவுடையவை. வேறுபடுத்துவது கம்பப் பக்கமாக நிற்கும் கேடயம். அதில் மூன்று நீலக் குன்றுகளின் நடுக்குன்றில் இரட்டைக் கை வெள்ளைச் சிலுவை. ஒற்றைக் கையாக வரைந்துவிடுவது வழக்கமான தவறு. ஹங்கேரியின் அரசுச் சின்னத்திலும் அதே இரட்டைச் சிலுவை உண்டு. அதற்கு மேல் இருக்கும் புனித இஸ்தேவான் மகுடத்தின் உச்சிச் சிலுவை சாய்ந்திருக்கும். நிஜ மகுடத்திலேயே அது சாய்ந்துதான் இருக்கிறது. 'பிழை திருத்துகிறேன்' என்று நிமிர்த்திவிடாதீர்கள்.

மால்டா கொடியில் மேல் மூலையில் இருப்பது, பெயர் பெற்ற எட்டு முனை மால்டா சிலுவை அல்ல. 1942இல் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அந்தத் தீவுக்கே வழங்கிய ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம். அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு விளிம்பு இருக்கும். கடைகளில் விற்கும் ஒட்டுப்படங்களில் இந்தக் குழப்பம் தாராளம்.

போர்த்துகல் கேடயத்தில் ஐந்து நீலக் கேடயங்கள் சிலுவை வடிவில் நிற்கும், ஒவ்வொன்றிலும் ஐந்து வெள்ளைப் புள்ளிகள். கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் என்பது மரபான விளக்கம். பச்சை ஐந்தில் இரண்டு, சிவப்பு ஐந்தில் மூன்று, சின்னத்தின் மையம் இரண்டும் சந்திக்கும் கோட்டில். பாதிக்குப் பாதி போட்டால் கொடியே மாறிவிடும்.

லிக்டன்ஸ்டைன் கொடியின் மகுடம் 1937இல் சேர்ந்தது. முந்தைய ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் ஹைட்டி கொடியும் தங்கள் கொடியும் ஒன்றாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மகுடத்தின் உச்சியில் சிறு சிலுவை உண்டு. அண்டோராவில் ஆயரின் கூம்புத் தொப்பியும் வளைந்த கோலும், மால்டோவாவில் கழுகின் அலகில் சிலுவை. வத்திக்கான் சதுரக் கொடி, கம்பப் பக்கம் மஞ்சள், வெள்ளைப் பாதியில் புனித பேதுருவின் இரு சாவிகளும் மும்முடியும் (திருத்தந்தையின் மூன்றடுக்கு மகுடம்). மும்முடியின் அடிப்பாகத்தில் சிவப்பு வட்டு இருக்கும் படம் ஒன்று சில ஆண்டுகள் இணையத்தில் உலவியது, அதைப் பார்த்து அச்சிட்ட கொடிகளும் உண்டு. சிவப்பு தெரிந்தால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

டொமினிக்கன் குடியரசின் வெள்ளைச் சிலுவை கொடியை நான்காகப் பிரிக்கும். கம்பத்திலிருந்து மேல் வரிசை நீலம், சிவப்பு; கீழ் வரிசை சிவப்பு, நீலம். மையச் சின்னத்தில் திறந்த விவிலியம் இருக்கும், யோவான் 8:32 உள்ள பக்கம்.

விளக்கம் எழுதும்போது

படத்தின் கீழ் இரண்டு வரி எழுதுவதற்குள் மூன்று கேள்விகள் கேளுங்கள். அந்த நாட்டுச் சட்டமோ அரசு விளக்கமோ சிலுவையைப் பற்றி என்ன சொல்கிறது? கொடி ஏற்கப்பட்ட காலத்தில் அதைப் போட்டவர் யார்? வேறொரு கொடியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா?

நேரடியாக மத நம்பிக்கையைச் சொல்லும் கொடிகள் உண்டு. டோங்காவின் முதலாம் ஜார்ஜ் டுபோ மன்னர் 1875இல் அளித்த அரசமைப்பு, இந்தக் கொடி என்றும் மாற்றப்படாது என்கிறது. அந்தச் சிவப்புச் சிலுவை கிறிஸ்தவத்தைக் குறிக்கவே வைக்கப்பட்டது. தொடக்கத்தில் வெள்ளைத் தளத்தில் சிவப்புச் சிலுவை மட்டுமே இருந்தது. செஞ்சிலுவைச் சங்கக் கொடியோடு ஒத்துப்போனதால் அதை மூலைக்கு மாற்றி, மற்ற இடம் முழுக்கச் சிவப்பாக்கினார்கள். டொமினிக்காவின் (இது டொமினிக்கன் குடியரசு அல்ல, வேறு நாடு) மஞ்சள், கறுப்பு, வெள்ளைச் சிலுவைக்குத் திரித்துவம் என்பதே அரசு தரும் பொருள்.

வட ஐரோப்பியக் கொடிகளை எழுதும்போது தொனி மாற வேண்டும். டேனியச் சிலுவை மத்திய கால கிறிஸ்தவப் போர்க்கொடி மரபில் வந்தது. சுவீடன் முதல் பின்லாந்து வரை மற்றவை எடுத்துக்கொண்டபோது அது மதத்தைவிட 'நாங்களும் இந்த வடபுலத்தைச் சேர்ந்தவர்கள்' என்ற அறிவிப்பாகிவிட்டது. பின்லாந்து 1917இல் விடுதலை பெற்ற கையோடு 1918இல் அதே வடிவை எடுத்ததை அப்படிப் பார்ப்பதே பொருத்தம். கிரீன்லாந்து 1985இல் சிலுவை இல்லாத வட்டக் கொடியைத் தேர்ந்ததும் அதே பேச்சின் மறுபக்கம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, துவாலு கொடிகளின் சிலுவைகள் யூனியன் ஜாக் வழியாக வந்தவை. அங்கே சொல்ல வேண்டியது குடியேற்ற வரலாறு.

சிலுவைபோல் தோன்றி ஏமாற்றுபவை ஜமைக்காவும் புருண்டியும். ஜமைக்காவின் தங்கநிறப் பெருக்கல் குறிக்கு அரசு சொல்லும் பொருள் சூரிய ஒளியும் இயற்கை வளமும். வடிவத்தை மட்டும் பார்த்து அந்திரேயா சிலுவை என்று எழுதிவிடாதீர்கள்.

ஐரோப்பியக் கொடியின் 12 நட்சத்திரங்கள் இன்னொரு வலை. 1955 டிசம்பர் 8 அன்று ஐரோப்பிய மன்றம் ஏற்ற கொடி அது. அதிகாரபூர்வ விளக்கத்தில் 12 என்பது முழுமையின் எண், உறுப்பு நாடுகளின் எண்ணிக்கை அல்ல. வடிவமைப்பில் பங்குகொண்ட ஆர்சேன் ஹைட்ஸ், விவிலியத்தின் கடைசி நூலில் வரும் பன்னிரு விண்மீன் முடி சூடிய பெண்ணே தனக்குத் தூண்டுதல் என்று பிற்காலத்தில் சொன்னார். இரண்டையும் எழுதலாம், எது அரசு விளக்கம், எது வடிவமைத்தவர் சொன்னது என்று பிரித்து எழுத வேண்டும்.

நிறத்துக்கு நிரந்தரப் பொருள் கற்பிப்பதும் வேண்டாம். 1188இல் சிலுவைப் போருக்குப் புறப்படும் முன் பிரெஞ்சுப் படைக்குச் சிவப்புச் சிலுவை, ஆங்கிலப் படைக்கு வெள்ளைச் சிலுவை என்று மன்னர்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். சிவப்புச் சிலுவை இங்கிலாந்துக்கே உரியதானது பின்னால்தான்.

கண்காட்சியில் முதலுதவி மேசை போடுவதாக இருந்தால் ஒன்று பாக்கி இருக்கிறது. வெள்ளையில் செஞ்சிலுவை மதச் சின்னமும் அல்ல, பொது மருத்துவக் குறியும் அல்ல. சுவிட்சர்லாந்துக்கு மரியாதையாக அதன் கொடி நிறங்களை மாற்றிப் போட்டு அமைந்தது என்று 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது. போர்க்களத்தில் மருத்துவப் பணிக்குப் பாதுகாப்பு தரும் அடையாளம் என்பதால் மற்றவர்கள் பயன்படுத்தத் தடை உண்டு. முதலுதவிக்குப் பச்சைத் தளத்தில் வெள்ளைச் சிலுவை போடுங்கள். சுவிஸ் கொடியை மாற்றாக வைக்க நினைப்பவர்களையும் அதே ஒப்பந்தத்தின் 53ஆம் பிரிவு தடுக்கிறது.